கடிபட்ட அன்றே

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியபோது ஓடக்கூட நேரம் இருக்கவில்லை. நேரம் அதற்கு முன்னால் இருந்தது. 2005இலும் 2011இலும் அந்த இடத்தை விட்டு எழும்பச் சொல்லி எச்சரிக்கை வந்தது. போக இடம் கொடுக்காமல் எழும்பு என்றால் சனம் எங்கே போகும்? அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் வேறு. தப்பிக்க நேரமும் வழியும் இருந்தும் நாம் பிள்ளைகளைப் பறிகொடுக்கக்கூடிய ஆபத்து ஒன்று இருக்கிறது: விசர்நாய்க்கடி.

விசர் பிடித்த நாயின் எச்சிலில் இருக்கும் வைரஸ் காயத்தின் வழியே நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலவேளை ஒரு கிழமையே போதும். முகத்திலோ தலையிலோ கடித்தால் வழி குறுகியது. லயத்து வாசலில் நாயோடு புரளும் சின்னப்பிள்ளைக்குக் கடி பெரும்பாலும் அங்கேதான் விழும். காயம் ஆறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதும் வைரஸ் ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைத்ததில்லை.

ஆகவே, தாய்மாரே, நாய் கடித்த பிள்ளைக்கு ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த கடியை மறைத்துவிடும். குட்டி நாயின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், பீலித்தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது மனதுக்கு ஆறுதலென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டுங்கள். அன்றைக்கே கொஸ்லந்தை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்பினால் அங்கேயும் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். சொன்ன திகதிகளில் ஒன்றையும் விடாமல் போட்டு முடித்துவிடுங்கள்.

ஒரு நாள் பேரும் அதன் சம்பளமும் போய்விடும், பஸ் காசும் சேர்ந்தால் அந்தக் கிழமை அடுப்புக்கே கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. கங்காணிமாரே, தலைவர்மாரே, கடிபட்டவரைக் கொழுந்துக்கு அனுப்பாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரைப் போடச் சொல்லித் துரையிடம் பேசுங்கள். தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள். சம்பளத்துக்காகப் போராடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது பேர் என்ற அளவுக்கு இறங்கியிருப்பதில் நாய்களுக்குப் போட்ட ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குப் போட்டால் நோய் பரவும் வழி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாய்களுக்கோ எல்லா லயமும் சோறு போடும், ஊசிக்குப் பிடித்துவர ஒருவர் இல்லை. லயத்துக்கு ஒருவர் அந்தப் பொறுப்பை எடுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொன்று பள்ளத்தில் எறியாதீர்கள். முடிந்தால் கட்டி வைத்துப் பதினான்கு நாள் கவனியுங்கள், சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். ஆனால் நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டொக்டர்.