ஓடாத வண்டி கணக்கில் வருமா?

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முதல் நான்கையும் மீறினால் மனம் உடனே அறிந்துகொள்ளும். கொன்றவனுக்குக் கொன்றது தெரியும். பொய்த்தவனுக்குப் பொய்த்தது தெரியும். ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமை அத்தகையதன்று. நிலம் இத்தனை, பொன் இத்தனை, வண்டி இத்தனை என்று அளவு வகுத்துக்கொண்டு அதற்குள் வாழ்வது அது. எண்ணிக்கை என்று வந்தவுடன் கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியமும் உடன் வந்துவிடுகிறது. எதை எண்ணுவது, எதை விடுவது?

வந்தவாசிப் பக்கத்து அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் முனிவர் ஒருவர் முன்னிலையில் பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்றார். வீட்டுக்கு வண்டி இரண்டே என எழுதி வைத்தார். அப்போது மாட்டுக் கொட்டகையில், கலப்பைக்கும் வைக்கோலுக்கும் இடையே, அவருடைய தந்தையார் வைத்திருந்த ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. அது ஓடி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதனை அவர் எண்ணவில்லை. இப்பொழுது அவருடைய மகன் அதைச் செப்பனிட முற்பட்டதும் ஐயம் எழுந்தது. வண்டி கிளம்பிவிட்டால் எண்ணிக்கை மூன்றாகி விரதம் குறைவுபடாதா? “ஓடாத வரைக்கும் அது இரும்புதானே, அப்பா” என்பது மகனின் கட்சி. ஓடும் நாள்முதல் எண்ணிக்கொள்ளலாம் என்கிறான்.

அவ்வண்டியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1960களின் தொடக்கத்திலிருந்து மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையில் செய்யப்பட்டது அது. 250 சி.சி. என்ஜின், சிலிண்டர் ஒன்றேயாயினும் சைலன்சர் இரண்டு. உதைத்துக் கிளப்பும் கிக்கரே பின்னர் கியர் மாற்றவும் பயன்படும். ஏரிக்கரை மேட்டிலும் மாட்டுவண்டித் தடம் பதிந்த மண்பாதையிலும் சளைக்காமல் சென்றது. பிற்காலத்தில் யெஸ்டி என்னும் பெயரில் வந்துகொண்டிருந்து, 1996இல் ஆலையே மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்னும் பெயரில் புதிய வண்டிகள் வெளிவந்தன. பழையவற்றின் மேலும் இளைஞர்க்கு ஒரு மோகம் உண்டு.

நெடுநாள் நின்ற வண்டி கிளம்பாமைக்குக் காரணம் ஒன்றன்று. பெட்ரோல் வற்றிப் பிசினாய் இறுகிக் கார்புரேட்டரின் ஜெட் துளையை அடைத்திருக்கும். பாயிண்டில் களிம்பேறி மின்பொறி பிறவாதிருக்கும். பிளக்கைக் கழற்றி, என்ஜின் மேல் படும்படி வைத்து உதைத்தால் பொறி உண்டா இல்லையா என்பது தெரியும். பிளக் நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பெட்ரோல் வருவது தெரியும். இவ்விரண்டும் செவ்வையாயிருந்தும் கிளம்பாவிடின் கிராங்க் ஆயில் சீலை ஐயுற வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கிருந்தே மேலே தள்ளப்படுகிறது. சீல் காய்ந்து வெடித்திருந்தால் அவ்வழியே காற்றுக் கசிந்து, கலவையை இழுக்கும் வலிமை குன்றிவிடும். புறத்தே எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். வண்டி மட்டும் கிளம்பாது. அன்பரின் கணக்கிலும் கசிவு அத்தகையதோர் இடத்தில்தான் இருக்கிறது.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளைச் சுட்டவில்லை, மூர்ச்சையைச் சுட்டினார். ‘என்னுடையது’ என்னும் மயக்கமே மூர்ச்சை. இவ்விலக்கணத்தின்படி வண்டி ஓடுகிறதா என்னும் கேள்விக்கே இடமில்லை. பழைய இரும்பு வாங்குபவர் மூன்று முறை வந்து விலை கேட்டாராம்; மூன்று முறையும் கொடுக்க மனம் வரவில்லையாம். அன்றே அது கணக்கில் ஏறிவிட்டது. இன்னும் சொல்லப்போனால், ஓடும் வண்டியில் பற்றோடு பயனும் கலந்திருக்கிறது; சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அதில் போகிறோம். ஓடாத வண்டியில் பயனை நீக்கிவிட்டால் எஞ்சுவது பற்று மட்டுமே. எழுதிய இரண்டினும் எழுதாத ஒன்றே முழுமையான பரிக்கிரகமாய் இருந்தது என்பேன்.

தந்தையாரின் நினைவுக்காக வைத்திருந்தேன் என்று அன்பர் கூறக்கூடும். அது குற்றமன்று. ஆயினும் நினைவு உயிரின் குணம், இரும்பின் குணமன்று. தந்தையார் ஓட்டிய வண்டியில் ரிங்கும் சீலும் செயினும் டயரும் மாற்றி, தொட்டிக்குப் புதுவண்ணமும் பூசிய பின் அவர் தொட்டது எவ்வளவு மிஞ்சும்? பரியாயங்கள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன என்று நாம் நாள்தோறும் ஓதுவது கொட்டகைக்கும் பொருந்துமன்றோ.

சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் இவ்விரதத்துக்குரிய அதிசாரம் ஐந்தனுள் அதிவாகனத்தையே முதலில் வைத்தார். தேவைக்கு மேல் வண்டி வைத்தல் என்றும், பூட்டிய விலங்கை அளவு கடந்து ஓட்டுதல் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். பிறர் செல்வம் கண்டு வியக்கும் விஸ்மயமும் அவ்வரிசையிலேயே வருகிறது. மெருகிட்ட பழைய ஜாவா கடைவீதியில் நின்றால் நான்கு பேர் சூழ்ந்து வியப்பர். வியப்பவரைவிட, வியக்கப்படுவதில் மகிழ்பவருக்கே இழப்பு மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுவதே அறம் என்பாரும் உளர். நான் உடன்படேன். உள்ளதைச் செப்பனிட்டு, அதனால் புதியதொன்றை வாங்காமல் இருப்பவன், சுரங்கத்திலும் உலையிலும் விளையும் ஊற்றின் ஒரு பங்கைத் தவிர்க்கிறான். எண்ணெயும் சேர்ந்து எரிவதால் இவ்வண்டியின் புகை மிகுதி என்பதையும் மறைக்கலாகாது. வேலையின்றி ஊர் சுற்ற அதனை ஓட்டினால் அநர்த்த தண்டமாகிய பயனில் தீங்கு வந்து சேரும். ஆகவே செப்பனிடலாமா என்பதினும், செப்பனிட்ட பின் எதை விடுவது என்பதே கேட்கத்தக்க கேள்வி. எண்ணாமல் விட்டதை அறியாது விட்டார். அது அதிசாரம், பிரதிக்கிரமணத்தால் தீரும். அறிந்த பின்னும் எண்ணாமல் விட்டால் அது விரத பங்கம்.

மகனைப் பற்றி ஒன்று கூற வேண்டும். சைலன்சர் ஒன்றின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்துவிடலாம் என்றார் மெக்கானிக். நான்கு பொறியுடைய உயிர் உள்ளே இருக்கிறது என்று மகன் கிக்கரில் கால் வைக்காமலே சில வாரங்கள் காத்திருந்தான். இத்தனை ஆண்டுகளில் அவ்வண்டியால் பயன் பெற்றது அக்குளவி ஒன்றுதான். கூட்டில் துளை விழுந்து குளவிகள் பறந்த பிறகே வேலை தொடங்கியது. கிராங்க் சீல் இன்னும் கிடைத்தபாடில்லை. அன்பர் ஏட்டில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதி, வீட்டு மொபெட்டைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் இரண்டாக்கலாம் என்கிறார். மகன் அதற்கு இன்னும் இசையவில்லை.