கடலடியிலிருந்து மலைக்கு ஏறும் முன்

தூத்துக்குடிக் கடலில் காலையில் மூழ்கி எழுந்த ஒருவர் அன்று மாலையே சேர்வராயன் மலையேறி ஏற்காட்டிலோ, அதை ஒட்டிய தலைச்சோலையிலோ குளிர்காற்று வாங்கலாம் என்பது இக்காலச் சாலைகளும் வண்டிகளும் தந்திருக்கும் வசதி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் காற்றுருளையை முதுகில் சுமந்து நீருக்கடியில் சுவாசித்தபடி நீந்தும் ஸ்கூபா முறையில் மூழ்கியவருக்கு ஆழ்நீச்சல் மருத்துவம் அந்தப் பயணத்தை அன்றே அனுமதிப்பதில்லை. ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழிந்த பின்னரே விமானம் ஏறலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். விமானத்தின் உட்புறத்தில் நிலவும் காற்றழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்கு நிகரானது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு அந்த வரம்புக்குள்ளேயே வருவதால் மலைப்பாதைக்கும் அதே எச்சரிக்கை பொருந்துகிறது. ஓர் இடத்தை விட்டுப் புறப்பட்டவர் அதை விட்டு உண்மையில் எப்போது நீங்குகிறார் என்ற கேள்வியை இந்த விதி எழுப்புகிறது.

விதியின் காரணம் உடலுக்குள் இருக்கிறது. நீரில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மீதான அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் இருமடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன், உடலுக்குப் பயன்படாத வாயுவாக இருந்தும், இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. மேலே வந்த பின் அது நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேற வேண்டும். அது வெளியேறி முடிவதற்குள் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த ஏற்காட்டுக்கு ஏறினால், எஞ்சிய நைட்ரஜன் குமிழிகளாகித் திசுக்களில் சிக்கி மூட்டுவலியையும், சில வேளை நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கலாம். இதுவே அழுத்தக்குறைவு நோய் எனப்படுகிறது. ஐந்தாறு மீட்டர் மட்டுமே ஆழமுள்ள பவளப்பாறையில் மூழ்கியவரிடம் சேரும் நைட்ரஜன் குறைவுதான். ஆயினும் வழிகாட்டுதல் ஆழத்தைக் காரணம் காட்டி எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

பவளப்பாறைகள் ஆழம் குறைந்த இடத்தில் வளர்வதற்கும் தெளிவான காரணம் உண்டு. பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று. சுண்ணாம்புக் கூடு கட்டி அதற்குள் கூட்டமாக வாழும் மிகச்சிறிய விலங்கு. அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் தாம் சமைக்கும் உணவின் பெரும்பங்கை அதற்கு அளிக்கின்றன. ஒளி வேண்டும் என்பதாலேயே மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி, கரையிலிருந்து எட்டிவிடக்கூடிய ஆழத்தில் பவளப்பாறைகள் அமைந்தன. மான்கொம்புபோலக் கிளைக்கும் பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடும். உருண்டையாகத் திரளும் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலே பெரிது. ஆள் உயரத்துக்கு நிற்கும் உருண்டைப் பவளம் ஒன்று ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி வருவதற்கு முன்பே, அதாவது 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அம்மலையில் அதை நடுவதற்கு முன்பே, வளரத் தொடங்கியிருக்கலாம். அதன் அருகில் மூழ்குநர் நிற்கும் நேரம் ஒரு காற்றுருளை தீரும் நேரம் மட்டுமே.

அந்தச் சிறிது நேரத்திலும் அசையாமல் இருப்பது எளிதன்று. ஆழம் குறைந்த கடல் பழகுவோருக்கு ஏற்றது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. மிதப்பைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து இருபதுக்கு வரும்போது மூழ்குநரின் மிதப்புச் சட்டையில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ அது இருமடங்காகிறது. ஆகவே மூன்று மீட்டர் ஆழத்தில் ஓர் ஆழ்ந்த மூச்சு உள்ளே போனதும் உடல் மேலே தூக்கப்படுகிறது, அது வெளியேறியதும் பாறையை நோக்கித் தாழ்கிறது. தாழ்ந்தவர் பதற்றத்தில் கையை ஊன்றினால் பவளத்தைப் போர்த்தியிருக்கும் கோழைப்படலம் கிழிந்து நோய்க்கு வழி திறக்கிறது; துடுப்புக் காலணி ஒருமுறை தட்டினால் பல ஆண்டு வளர்ந்த கிளை முறிந்துவிடும். மூச்சை அடக்கியும் நிலைபெற முடியாது, ஏனெனில் அடக்கிய மூச்சோடு மேலே எழுந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதையே கிழிக்கக்கூடும். மெதுவாக, தொடர்ந்து, சீராகச் சுவாசிப்பது ஒன்றே வழி. நிதானம் இங்கே வெறும் மனநிலையாக இல்லை. அது உடலின் செயலாகவே வேண்டப்படுகிறது.

ஒன்றையும் தொடாமல் பார்த்துவிட்டு வருவதைச் சிறப்பாகச் சொல்லும்போது, அக்கடலைத் தொட்டே வாழ்ந்தவர்களை மறந்துவிடுதல் நேர்மையாகாது. தூத்துக்குடி, கீழக்கரைப் பகுதிகளின் முத்துக்குளிப்போரும் சங்குக்குளிப்போரும் காற்றுருளை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மூச்சடக்கி அதே கடலுக்குள் இறங்கினர். முத்துப்பார் எனப்பட்ட சிப்பிப் படுகைகள் ஆண்டுதோறும் திறக்கப்படவில்லை. சிப்பிகளை எடுத்துச் சோதித்து, முதிர்ந்தனவென்று கண்ட ஆண்டுகளில் மட்டுமே முத்துக்குளிப்பு நடந்தது, இடையில் பல ஆண்டுகள் வெறுமனே கழிந்ததும் உண்டு. தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. எடுப்பவர்களும் காத்திருந்தார்கள் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பிற்காலத்தில் படகிலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசர் வந்ததும் சங்குக்குளிப்போரால் நெடுநேரம் அடியில் இருக்க முடிந்தது. ஆனால் மேலேறும் வேகத்துக்கும் இடைவேளைக்கும் உரிய பயிற்சியை அவர்களுக்கு அளிப்பார் இல்லாததால், விடுமுறைப் பயணிக்கு ஏட்டில் எச்சரிக்கையாக இருக்கும் அழுத்தக்குறைவு நோய், பிழைப்புக்காக மூழ்கியவர்களுக்கு முடங்கிய கால்களாக வந்தது. காத்திருக்க முடிவதும் ஒரு வசதியே என்பதை இதைவிடக் கடுமையாக வேறெதுவும் உணர்த்தாது.

காத்திருக்க மறுத்ததன் விளைவைக் கடலும் சுமக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளம் பல ஆண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த பின்னும் அது முற்றிலும் நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே படிப்படியாக ஓய்ந்தது. அலையைத் தடுக்கும் பாறை தேய்ந்ததும் அந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு நீருக்குள் போயின. 2016-இல் கடல் வெப்பம் கூடியபோது நுண்பாசிகள் பவளத்தை விட்டு நீங்கின, பவளங்கள் வெளுத்தன, பெருமளவில் மடிந்தன. இழந்ததை நிரப்ப உடைந்த பவளத்துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நடும் பணி தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்களால் நடைபெறுகிறது. அவர்கள் கையில் வளர்பவை சில சென்டிமீட்டர் நீளத் துண்டுகள். அவை பாறையாவதைக் காண நட்டவர்களின் ஆயுள் போதாது. தெரிந்தே அப்பணியில் இறங்குவோரின் பொறுமை போற்றத்தக்கது.

சேர்வராயன் மலையில் காலம் வேறு வகையில் ஓடுகிறது. ஆனால் வார இறுதியில் வந்து, ஏரியையும் காட்சிமுனைகளையும் பார்த்து, மறுநாளே இறங்கிவிடும் அவசரம் அங்கும் அதேதான். மலையையும் கடலையும் ஒரே விடுமுறைக்குள் அடக்கிவிட விரும்புவோருக்கு உடல் ஓர் ஒழுங்கை விதிக்கிறது. மலையிலிருந்து கடலுக்கு இறங்குவதில் இந்த ஆபத்து இல்லை. அழுத்தம் கூடும் திசையில் போகும் உடலுக்குள் குமிழி எழாது. ஆகவே குறிஞ்சியை முதலில் கண்டு, நெய்தலைப் பின்னர் கண்டு, நெய்தலில் மூழ்கிய பின் ஓர் இரவேனும் அக்கரையிலேயே தங்குவது உடலுக்கு ஏற்றது. திரேஸ்புரத்தின் படகுத்துறையிலோ, பாம்பனின் மீன் ஏலக்கூடத்திலோ செலவாகும் அந்தக் காத்திருப்பு நேரத்தில், தாம் முக்கால் மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு வந்த கடலில் வாழ்நாள் முழுதும் உழைப்பவர்களைச் சந்திக்கப் பயணிக்கு வாய்ப்புக் கிடைக்கும்.