மறைத்தலும் வஞ்சித்தலும்

ஒரு பொருளின் பாகத்தை மாற்றுதல் குற்றமா? மாற்றியதை மறைத்தல் குற்றமா? இவ்விரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் அன்று என்பதைச் சிறு பொருளொன்றைக் கொண்டு ஆராய்வோம்.

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயத்தை அடுத்த தெருவில், முன்னாளில் மிளகும் ஏலமும் குவிந்திருந்த பண்டகசாலைகள் பல இன்று பழம்பொருட் கடைகளாயுள்ளன. இத்தகைய கடைகளுக்கு வந்துசேரும் பொருள்களுள் பழைய வால்வு ரேடியோவும் ஒன்று. ஒலியைக் கூட்டவும் நிலையத்தைத் தேடவும் நாம் திருப்பும் குமிழ்கள் அதன் முகத்தில் இருப்பவை. பெட்டி கெட்ட பின்பும் குமிழுக்கு விலையுண்டு. யாது காரணம்? அவற்றுட் பல பேக்கலைட்டால் ஆனவை. 1907இல் பேக்கலண்டு என்பார் கண்ட இப்பொருள், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. உடைந்ததை உருக்கி வார்க்க இயலாமையின், கெட்ட பெட்டியிற் கழற்றிய குமிழே மற்றொன்றுக்கு உதவுகின்றது. பழையதை அச்சாகக் கொண்டு புதிதாய் வார்ப்பாரும் உளர்.

மாற்றுவதில் குற்றமில்லை. மட்டாஞ்சேரி அரண்மனையையே நோக்குக. 1555 அளவில் போர்த்துக்கேசியர் அதனைக் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்தனர். 1663க்குப் பின் டச்சுக்காரர் புதுக்கினர். இன்று டச்சு அரண்மனை என்றே வழங்குகின்றது. அவ்வரலாறு மறைக்கப்படவில்லை, ஆதலின் ஏமாந்தாரும் இலர். மாற்றம் பொருள்களின் இயற்கை. பொய்யோ மனிதன் சொல்லில் பிறப்பது.

அங்ஙனமாயின் மறைத்தலெல்லாம் குற்றமோ? அதுவும் அன்று. பழைய ரேடியோக்களுட் சில, மின்மாற்றி இன்றி ஓடுமாறு செய்யப்பட்டவை. அவற்றின் உட்சட்டம் மின்கம்பி ஒன்றோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் சட்டம் முழுதும் மின்சாரம் ஏறும். குமிழைத் தண்டோடு பிணிக்கும் சிறு திருகாணியிலும் ஏறும். ஆகவே அத்திருகாணியின் குழியை மெழுகிட்டு அடைத்தனர். ஆலையில் சுழலும் பல்சக்கரத்துக்கு மூடியிடுதலும் இத்தகையதே. முகமறியா ஒருவன் விரலைக் காக்கச் செய்த மறைவு அது.

இனி, வேறொரு பெட்டியின் குமிழை மெழுகின்றி மாட்டி, ‘எல்லாம் பிறந்தபடியே உள்ளன’ என்று விற்பவனை எண்ணுக. அவனும் மறைக்கின்றான். ஆயின் அவன் மறைவு தன் பையை நிரப்புவது. வாங்கினவன் விரலையோ 230 வோல்ட் மின்சாரத்துக்கு இரையாக்க வல்லது.

இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றுண்டு: மறைத்தது வெளிப்படும் நாளில், அறியாதிருந்தவன் நன்றி கூறுவானா, நெஞ்சு நோவானா?

‘அழகுக்காக வாங்குகின்றான், அறியாமலே மகிழ்கின்றான், தீங்கென்ன?’ என்பர் சிலர். அவன் ஒலிக்கும் கருவிக்கு மட்டும் விலை தரவில்லை. அதன் பழமைக்கும் தந்தான். தந்த விலைக்கு உரியதைக் கொடாமை, கொடாததை எடுத்தலே. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கின்றது. வால்வு ரேடியோக்களுட் பெரும்பாலானவை அதில் அடங்கா. சிறு குமிழுக்காக வழக்காடுவாரும் அரியர். சட்டத்தின் கண் எட்டாத இடத்திலன்றோ நான்காம் சீலம் காவல் நிற்கவேண்டும்?

இஃது செல்வர் வீட்டு அலங்காரப் பேச்சு மட்டுமன்று. பழைய மின்விசிறி, பழைய தையற்பொறி, பழைய மிதிவண்டி ஆகியவற்றை வாங்கியே நம் குடும்பங்களுட் பல வாழ்கின்றன. பிறர் கழித்ததை வாங்குவோன் விற்பவன் சொல்லையே நம்பி நிற்கின்றான். அச்சொல் பொய்த்தால் அவனுக்கு வேறு துணை ஏது?

ஆதலின், பழுதுபார்க்கும் தொழில் செய்யும் இளைஞர்களே! அஞ்சாது மாற்றுங்கள், மெழுகிட வேண்டிய இடத்தில் மறவாது மெழுகிடுங்கள். பின்னர்ச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: ‘குமிழ் இரண்டும் வேறு பெட்டியினின்று எடுத்தவை.’ அதனால் விலை சிறிது குறையலாம். உங்கள் கடையில் வாங்கியதை அஞ்சாமல் தொடலாம் என்னும் பெயர் வளரும்.