வேலியோரப் பச்சோந்தியும் வளர்க்கும் ஆசையும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் செஞ்சிக் கோட்டையின் மூன்று கருங்கற்குன்றுகளையும் அனந்தபுரம் போன்ற ஊர்களின் மேட்டு நிலங்களையும் ஒட்டி வளரும் முட்புதர்கள், இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனத்துக்கு ஏற்ற வாழிடமாகும். விலங்கியலார் காமேலியோ ஜெய்லானிகஸ் என்று பெயரிட்டுள்ள இவ்வினத்தின் குஞ்சைக் காண்போருக்கு, அதன் சிறுமையும் தயங்கித் தயங்கி எடுத்துவைக்கும் நடையும் இரக்கத்தைத் தூண்ட, வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அந்த இரக்கம் இடம் மாறி விழுந்த இரக்கம் என்றே சொல்ல வேண்டும். தாய்ப் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு அகன்றுவிடுவதால், குஞ்சு முட்டையைவிட்டு வெளிவந்தது முதலே தானாகச் செடியேறித் தானாகவே சிறு பூச்சிகளைப் பிடித்துண்டு வாழ்கிறது. தனித்திருப்பது அதற்கு ஆதரவற்ற நிலையன்று.

கூண்டிலோ அதன் நிலை வேறு. எலும்பு உறுதிபெற உதவும் வைட்டமின் டி உடலில் உருவாவதற்கு வெயிலின் புறஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடிப் பெட்டி அக்கதிரின் தேவையான பகுதியைப் பெரிதும் தடுத்துவிடுவதால், சுண்ணாம்புச் சத்தும் குறையுமானால், வளரும் குஞ்சின் எலும்புகள் வளைந்துபோகின்றன. கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் இலையில் தங்கிய துளிகளையே நக்கிப் பருகும் இவ்வுயிர், கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியெனக் கருதி ஓயாத கலக்கத்துக்கும் உள்ளாகலாம்.

இதனினும் கருதத்தக்கது நிறம். பச்சோந்தியின் தோல் உயிரணுக்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறும்போது அவை எதிரொளிக்கும் ஒளியும் மாறுகிறது என்பதை, மடகாஸ்கர் இனமொன்றை ஆராய்ந்த ஜெனீவா அறிவியலாளர் 2015இல் விளக்கினர். சூழலோடு ஒன்றி மறைவதற்காக மட்டுமன்றி, வெப்பம், சினம், அச்சம் ஆகியவற்றாலும் நிறம் மாறுவதால், உள்ளங்கையில் வைத்து மனிதர் வியக்கும் கருமை பல வேளைகளில் அவ்வுயிரின் கலக்கமே. நிறத்துக்காக விரும்பிப் பிடித்தவர், அந்த நிறம் சொல்வதை மட்டும் படிக்கத் தவறுகிறார்.

அன்பு கொள்வதற்கு உடைமையாக்கிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கு, இவ்வுயிரைப் பொறுத்தவரை விடை ஐயமற்றது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடைசெய்கிறது. சட்டம் இல்லாதிருந்தாலும் முடிவு மாறாது. ஏனெனில் இதற்கு வேண்டியது வளர்ப்பவரன்று, வேலி. கிளுவையும் காரையும் அடர்ந்த உயிர்வேலியை அழித்துக் கம்பி கட்டுவதும், புதருக்குத் தீ வைப்பதும், பூச்சிமருந்தால் இரையை ஒழிப்பதும் நிகழும் இடத்தில் ஒரு குஞ்சைப் பெட்டிக்குள் காப்பாற்றுவது பேணுதலாகாது.

சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால், ஒரு குச்சியை நீட்டிப் பற்றிக்கொள்ளச் செய்து, அது சென்றுகொண்டிருந்த பக்கத்துப் புதரிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு நஞ்சில்லை.