கொடியும் கேள்வியும்

ஒரு நாடு போற்றும் குறிக்கோள்களைக் கலைஞன் ஐயுறலாமா? பிறர் உள்ளம் புண்படும் என்று அறிந்தும் அத்தகைய படைப்பை மக்கள்முன் வைப்பது அறமாகுமா? காலந்தோறும் எழும் இவ்வினா, 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கூர்மையாக எழுந்தது.

அங்குள்ள கலைப்பள்ளியின் கண்காட்சியில், டிரெட் ஸ்காட் என்னும் மாணவர் ஒரு படைப்பினை வைத்தார். தென்கொரிய மாணவர் அமெரிக்கக் கொடியை எரிக்கும் காட்சியும், கொடி போர்த்திய சவப்பெட்டிகளும் சுவரிலிருந்த படத்தில் இணைந்திருந்தன. அதன்கீழ் ஓர் ஏடு இருந்தது. கொடியைக் காட்சிக்கு வைக்கத் தக்க முறை யாது என்னும் வினாவுக்குப் பார்வையாளர் அதில் விடை எழுதலாம். ஆனால், ஏட்டின் முன்னே தரையில் கொடி விரிக்கப்பட்டிருந்தது. அதன்மீது நின்று எழுதுவதும், மிதியாது ஒதுங்கி எழுதுவதும் அவரவர் விருப்பம்.

முன்னாள் படைவீரர் கொதித்தெழுந்தனர். அதிபர் மூத்த புஷ்ஷும் படைப்பைக் கண்டித்தார். கொடியைக் காக்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. ஸ்காட்டும் வேறு மூவரும் நாடாளுமன்றப் படிகளில் கொடியை எரித்து அச்சட்டத்தை எதிர்த்தனர். 1990இல் உச்ச நீதிமன்றம், நால்வர் மறுக்க ஐவர் தீர்ப்பால், அச்சட்டம் செல்லாது என்றது. கொடியை இழிவுசெய்வோரைத் தண்டித்தால், அக்கொடி மதிக்கப்படுவதற்குக் காரணமான உரிமையே நலிந்துவிடும் என்பது தீர்ப்பின் கருத்து.

உரிமை உண்டு என்பதால் செயல் அறமாகிவிடாது. தோழனின் உடல்மீது போர்த்திய துணி, படைவீரருக்கு வெறுந்துணி அன்று. அவர்தம் துயரை எள்ளி நகையாடுவது கலையின் பணியன்று. ஆயினும், இழிவுசெய்வதே நோக்கமாயின் மறுமொழிக்கு இடம் வைப்பானேன்? சினந்தோரும் அவ்வேட்டில் எழுதினர், பாராட்டியோரும் எழுதினர். ஏடு புண்ணை ஆற்றிவிடாது. எனினும், வசையையும் வினாவையும் பிரித்துக் காட்டுவது அதுவே.

காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனையே வள்ளுவர் போற்றினார். மக்களே வேந்தராகிய இக்காலத்தில் அப்பொறை மக்களுக்கு உரியதாகிறது. மிதிக்க வாய்ப்பிருந்தும் ஒதுங்கி நின்றவனின் மதிப்பே உண்மையான மதிப்பு. அச்சத்தால் பணிந்தவனிடம் அதனைக் காண இயலாது.