விடை வருமுன் நிற்கும் நாட்கள்

குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஐந்தாம் பத்தில், திருவித்துவக்கோட்டு அம்மானிடம் தம் நிலையை விண்ணப்பிக்கையில் ஒரு நோயாளியை உவமை காட்டுகிறார். மருத்துவன் அறுத்தாலும் சுட்டாலும் அவனிடம் அன்பு நீங்காதவன் அந்நோயாளி. அவனுக்கு மருத்துவன் கை கண்ணெதிரே தெரிகிறது. நோய் உண்டோ இல்லையோ என்றே அறியாதவள் எதைப் பற்றி நிற்பாள்?

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் ஒரு பெண்ணை நினைப்போம். மார்பக ஸ்கேனில் ஐயத்துக்குரிய கட்டி என்று கண்டு, வேலூரில் ஊசியால் திசு எடுத்துள்ளார்கள். பை-ராட்ஸ் 4 எனப்படும் இவ்வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 95 வரை இருக்கலாம். திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கச் சில நாட்களாகும். அதுவரை மனம் எங்கே தங்கும்?

அந்நாட்களில் அவள் அஞ்சினால் மஹாவிச்வாஸம் குறைந்தது என்பர் சிலர். நாம் அவ்வாறு கொள்ளோம். ஒன்றும் இராது என்று துணிவது, முடிவை நாமே எழுதிக்கொள்வதாகும். உவமையின் நோயாளிக்கும் வலி உண்டு. வலித்தும் அவன் அகலவில்லை. அஞ்சியும் குறித்த நாளில் முடிவை அறியச் செல்பவள் அவனைப் போன்றவளே. கட்டியை மறைப்பதும் சோதனையைத் தள்ளிப்போடுவதுமே அகலுதல்.

நமக்கும் இதில் பங்குண்டு. ஒரு நாள் கூலியை இழந்து செல்பவளுடன் வேலூர் வரை சென்று, அறிக்கை கைக்கு வரும்வரை அருகில் அமர்ந்திருப்பதும் கைங்கர்யமே ஆகும்.