எட்டு நாளில் இத்தாலி யாத்திரை: எங்கே தங்குவது?



நமதாண்டவர் யெருசலேமுக்குப் போகும் வழியில் எரிக்கோ பட்டணத்தைக் கடந்து போனார். அது ஏதோ ஒரு சிற்றூர் அன்று. பேரீச்ச மரங்கள் அடர்ந்த செல்வப் பட்டணம். ஏரோது கட்டிய மாளிகைகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்றையாவது அவர் பார்க்கப் போனதாக அர்ச். லூக்காஸ் எழுதவில்லை. காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த சக்கேயுவை நிமிர்ந்து பார்த்தார். அவன் வீட்டில் தங்கினார். பட்டணம் முழுவதும் அவருக்கு வழி. தங்கினதோ ஒரே வீடு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்நாளில் நம் கோவைப் பக்கத்துக் குடும்பங்களில் பலர் இத்தாலி தேசத்துக்குத் திருயாத்திரை போகிறார்கள். 2022 மே 15-ந் தேதி அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் நம் தமிழ் வேதசாட்சி தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட பிறகு இந்த ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “சுவாமி, எட்டு நாள்தான் லீவு. எந்தெந்த ஊருக்குப் போகலாம்?”

முதலில் கணக்கைப் பாருங்கள். கோயமுத்தூரிலிருந்து நேரே ரோமாபுரிக்கு விமானம் இல்லை. எங்காவது இறங்கி மாறிப் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் மிஞ்சுவது ஆறு. இத்தாலியிலோ 20 மாநிலங்கள். தூரின் பட்டணத்தில் தொன் போஸ்கோ, பூலியாவில் பாத்ரே பியோ, மார்க்கே மாநிலத்தில் லொரேத்தோ மாதா, வெனெத்தோவில் பதுவை அந்தோனியார் என்று நாலு திசையிலும் அர்ச்சியசிஷ்டவர்கள் நம்மை அழைக்கிறார்கள். ரோமாபுரியிலிருந்து பதுவை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கோவையிலிருந்து சென்னை போகிற தூரம். தூரின் அதற்கும் அப்பால். இவை எல்லாவற்றையும் ஆறு நாளில் காட்டுவதாக அச்சடித்த நோட்டீசுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போகிறவர் அதிகமாகத் தரிசிப்பது பஸ்ஸின் ஜன்னலைத்தான்.

நம் தோட்டக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் கிணறு வற்றிக் கிடக்கும்போது பத்துப் பாத்திக்கும் மடையைத் திறந்துவிட்டால் ஒரு பாத்தியும் நனையாது. இரண்டு பாத்திக்கு மட்டும் விட்டு, மற்றதை அடைத்துவிடுவார்கள். ஆறு நாள் யாத்திரைக்கும் இரண்டு பாத்தி போதும்.

முதலாவது ரோமாபுரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று முழு நாள் கொடுங்கள். அதில் ஒன்று புதன்கிழமையாக இருக்கட்டும். அன்றுதான் பெரும்பாலும் பாப்பரசர் பொதுச் சந்திப்பு அளிக்கிறார். அதற்குச் சீட்டு இலவசம். ஞாயிறும் அங்கே அமைந்தால் நடுப்பகலில் அவரோடு திரிகால செபம் சொல்லலாம். இராயப்பர், சின்னப்பர் கல்லறைகளையும், 2025 ஏப்ரல் 21-ல் காலமான பிரான்சிஸ் பாப்பரசர் அடங்கியிருக்கும் பெரிய மரியன்னை ஆலயத்தையும் எல்லோரும் காட்டுவார்கள். நீங்களாகக் கேட்டுப் போக வேண்டிய இடம் ஒன்றுண்டு: ஜேசு கோவில். முத்துக்குளித்துறையில் நம் தமிழ் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அர்ச். சவேரியாரின் வலது முன்கை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அர்ச். இஞ்ஞாசியார் ஆலயம், அதில் அர்ச். ஞானப்பிரகாசியார் கல்லறை. ஞானப்பிரகாசம் என்று பெயர் வைத்த வீடுகள் நம்மிடையே எத்தனை! 1623-ம் ஆண்டிலேயே சேந்தமங்கலம், சேலம் வரை நடந்து வந்து வேதம் போதித்த தத்துவபோதக சுவாமி பிறந்ததும் இதே ரோமாபுரியில்தான், 1577-ல்.

இரண்டாவது பாத்தி எது? இங்கேதான் வீட்டில் சச்சரவு உண்டாகிறது. பிள்ளைகளுக்கு வெனிஸ் ஓடம், பீசாவின் சாய்ந்த கோபுரம். நாற்பது ஆண்டாகச் செவ்வாய்க்கிழமை தோறும் புலியகுளம் அர்ச். அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவந்த தாய்க்கோ பதுவை. அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள்; “உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள்” என்பாள். அந்த வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீர்கள். வீட்டில் யாருக்கு நேர்த்திக்கடன் இருக்கிறதோ அவர் சொல்லும் இடமே இரண்டாவது இடம். பதுவையில் அந்தோனியார் கல்லறையின் பின்புறக் கல்லில் கையை வைத்து மக்கள் செபிப்பது வழக்கம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் வருகிறாள். அவள் கையை எடுக்கும் வரையில் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

அப்படிப்பட்ட கடன் ஒன்றும் இல்லாத குடும்பம் உம்பிரியா மாநிலத்து அசிசி நகருக்குப் போவது நல்லது. ரோமாபுரியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். திருச்சி தூரங்கூட இல்லை. நகரம் மலைச்சரிவில் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் ரயிலடிக்குப் பக்கத்தில், சமவெளியில் உள்ள சம்மனசுகளின் மாதா ஆலயத்தண்டை தங்கலாம். அந்தப் பெரிய ஆலயத்துக்குள்ளே ஒரு சிறு கோவில் நிற்கிறது. போர்சியுங்குலா என்று பெயர். அதற்குப் பக்கத்தில்தான் 1226-ல் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் வெறுந்தரையில் கிடந்து உயிர்விட்டார். மேலே நகரத்தில், 2006-ல் பதினைந்து வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7-ல் புனிதர் பட்டம் பெற்ற கார்லோ அகுத்திஸ் அடங்கியிருக்கிறார். கம்ப்யூட்டரை விட்டு எழுந்திராத உங்கள் பையன் இவருக்கு முன்னால் சற்று நேரம் நிற்கட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாதிருங்கள். அசிசியில் ஓர் இரவாவது தங்குங்கள். பஸ்கள் இறங்கிப் போன பிறகுதான் அந்த ஊர் பேசத் தொடங்கும்.

பதுவைக்குப் போகிறவர்கள் அசிசியையும் சேர்க்க வேண்டாம், ஒன்றே போதும். ஆனால் பதுவையில் ஒரு நாள் உபரியாகக் கிடைத்தால், வெனிசுக்கு ஓடாமல், மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் லொம்பார்தியா மாநிலத்துக் காஸ்திலியோனே என்னும் சிற்றூருக்குப் போகலாமே என்பது என் ஆசை. ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அது. 1680-ல் நம் வீரமாமுனிவர் பிறந்த ஊரும் அதுவே. தேம்பாவணி பாடியவரின் ஊருக்குத் தமிழர் போகாவிட்டால் வேறு யார் போவார்? எந்த நோட்டீசிலும் அந்தப் பெயர் இராது.

நிற்க. விசாவுக்கு மனுப்போடும்போதே தங்கும் ஊர்களைக் காட்ட வேண்டியிருப்பதால், இந்த முடிவுகளைப் பல மாதம் முன்னதாகவே செய்ய வேண்டும். ஆகையால் கடன் விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ யாத்திரை போகாதீர்கள். மகளின் படிப்புக்குக் கட்டிவரும் சீட்டை இதற்காக எடுக்காதீர்கள். பதுவைக்கு வருவதாக நேர்ந்துகொண்டு, இப்போது வசதியில்லாமல் மனம் நோகிறவர்கள் என்னிடம் வாருங்கள். தகுந்த காரணம் இருந்தால் அப்படிப்பட்ட தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவும், அதை வேறொரு நற்செயலாக மாற்றவும் பங்குக் குருவுக்குத் திருச்சபைச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோவிலுக்கு நடந்து போவதும் யாத்திரைதான். போர்சியுங்குலாவின் பரிபூரண பலனை ஆகஸ்டு 2-ந் தேதி, பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கி, வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றி, நம் பங்குக் கோவிலிலேயே அடையலாம்.

போகிறவர்கள் புறப்படுமுன் ஒரு மாலை பங்களாவுக்கு வாருங்கள். போக முடியாத வியாதிக்காரர், விதவைகள், வேலை தேடும் பிள்ளைகள் ஆகியோரின் கருத்துக்களை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அதை இராயப்பர் கல்லறையண்டையில் முழங்காலிட்டு, ஒவ்வொரு பெயராக நிதானமாய் வாசித்துச் செபிக்க வேண்டும். தாள் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.